கயிறு தெரியாத விண்ணேற்றம்

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சாமியார் அடக்கப் பூசைக்குச் சற்று முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நர்சம்மா, கடைசி வரைக்கும் நீங்கதான் போய்ப் பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. பிரசங்கத்துல அவரப் பத்தி நான் என்ன சொல்லட்டும்?"

சொல்ல நிறைய இருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. "மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு ஃபாதர். சின்ன வயசுல குருமடத்துல படிச்சவரு," என்று மட்டும் சொன்னேன். சாமியார் பீடத்தில் நின்று அதையே சொன்னார். நேர்மையான உழைப்பாளி, அமைதியான மனிதர் என்று தாமாகச் சேர்த்துக்கொண்டார். கேட்க ஆள்தான் இல்லை. வாழை மண்டியில் தார் ஏற்றுகிற சிலர், கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த அவருடைய அக்காள் மகன், நானும் என் வீட்டுக்காரரும். அன்றைக்கு மழை வேறு.

அதே கோயில் மைதானத்தில்தான் ஒவ்வொரு வருசமும் உட்கார இடம் கிடைக்காமல் மதில்மேலும் வேப்பமரத்திலும் ஏறி நின்று ஜனங்கள் அவருடைய வேலையைப் பார்த்தார்கள். கம்பத்திலிருந்து வருவார்கள், தேனியிலிருந்து வருவார்கள், மலைமேல் ஏலத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். பார்த்தவர்களில் ஒருவருக்கும் அது ஒரு மனிதனின் வேலை என்று தோன்றியதில்லை.

ஊரில் அவரைப் பிரதர் என்றுதான் சொல்வோம். சாமியாராவதற்குப் படிப்பவர்களை அப்படிக் கூப்பிடுவது எங்கள் பழக்கம். குருப்பட்டம் வாங்குவதற்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது, இவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டாராம். ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். வந்தவர் கம்பத்தில் ஒரு கடையில் மோட்டார் வேலை பழகி, எங்கள் ஊர் மெயின் ரோட்டில் வாழை மண்டிக்கு எதிரே சின்னதாகக் கடை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருமடத்தை விட்டு வந்தாலும் பிரதர் என்ற பேர் விடவில்லை. நேரில் கூப்பிடும்போது மரியாதைக்காக ஒரு அண்ணேயையும் சேர்த்துப் பிரதரண்ணே என்பார்கள். ஒரே உறவை இரண்டு மொழியில் அடுக்கிக் கூப்பிட்டார்களே தவிர, அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசியவர்கள் யாரும் இல்லை.

நான் பெரியகுளத்திலிருந்து வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. அவருடைய கடையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். செம்புக் கம்பியும் வார்னிஷும் கலந்த ஒரு வாடை ரோடு வரைக்கும் வரும். ஒரு நாள் ஓடைப்பட்டிப் பக்கமிருந்து வந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கடை வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்தய்யா மாத்துனீக? குடுத்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியேதான இருக்கு?"

"ஓடுதா?"

"ஓடுது. ஓடாமயா? ஆனா கை வச்ச எடமே தெரியலயே."

"தெரியலன்னா ஒழுங்காப் பாத்திருக்கேன்னு அர்த்தம். தெரியிறாப்புல வேணும்னா வேற கடைக்குப் போங்க."

அவர் சொன்ன விதத்தில் தன்னடக்கம் கொஞ்சமும் இல்லை. கர்வமாகத்தான் சொன்னார். ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரிந்தால் அதைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார். கோயிலுக்கும் அப்படித்தான் வருவார். பூசை தொடங்கிய பிறகு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் போய்விடுவார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எங்கள் ஊரில் ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாளை ஒட்டி இரண்டு சாயங்காலம் பாஸ்கா நடக்கும். சேசுநாதரின் பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பார்கள். பிலாத்துவாக வருகிறவர் வாழை மண்டி முதலாளி. கை கழுவும்போது மோதிரத்தைக் கழற்ற மாட்டார். யூதாஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாஸ்கா முடிந்து ஒரு வாரத்துக்குச் சின்னப் பிள்ளைகள் அந்த வேனில் ஏற அழும். முதல் சாயங்காலம் சிலுவைச் சாவோடு முடியும். இரண்டாம் சாயங்காலம் உயிர்ப்பும் விண்ணேற்றமும். அந்த விண்ணேற்றத்தைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும்.

மேடையின் நடுவில் சேசு நிற்பார். சீடர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரிப்பார். கால் தரையை விட்டுக் கிளம்பும். ஏணி இல்லை, பலகை இல்லை, மிஷின் சத்தம் இல்லை. மனுசன் அப்படியே மேலே போவார். கோயில் முகப்பு உயரத்துக்குப் போய், போடியிலிருந்து வாங்கி வந்த இலவம்பஞ்சில் செய்த மேகத்துக்குள் மறைந்துவிடுவார். கூட்டம் மூச்சுக் காட்டாது. பிறகு எங்கிருந்தோ ஒரு பொம்பளை விம்முவாள். அப்புறம் மைதானம் முழுக்க முழங்காலில் நிற்கும்.

எனக்குக் கல்யாணமான அடுத்த வருசம் சேசு வேஷத்துக்கு என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல உயரம், தாடியும் அடர்த்தியாக வளரும். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எனக்கு மட்டும் பயம். எலும்பு முறிந்து வருகிறவர்களைத் தூக்கிப் படுக்க வைக்கிறவள் நான். ஆளை மேலே ஏற்றுகிற ஏற்பாடெல்லாம் பிரதருடையது என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேரே அவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரத் தொங்க விடப்போற கயிறு தாங்குமா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. காயிலுக்குள் கம்பியைச் செலுத்திக்கொண்டே கேட்டார். "அவரு என்ன வெயிட்டு தாயி?"

"தெரியாதுண்ணே."

"நாளைக்குக் காலையில மண்டிக்கு வரச் சொல்லுங்க."

மறுநாள் என் வீட்டுக்காரரை வாழைத்தார் நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுத்தார்கள். சுற்றி நின்று சிரித்தார்கள். "சேசு என்ன ரேட்டுக்குப் போறாரு?" என்று ஒருவன் கேட்டான். பிரதர் சிரிக்கவில்லை. "சாம்பல் புதன்ல இருந்து ஒறுத்தல்ல இருங்க. ஈஸ்டர் வரைக்கும் இந்த எடை கூடக் கூடாது," என்று மட்டும் சொன்னார். அந்தத் தவக்கால நோன்பு முழுக்க என் மாமியார் வைத்த பலகாரத் தட்டை என் வீட்டுக்காரர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விவரம் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் கறுப்புப் படுதா. படுதாவுக்குப் பின்னால் உயரமான இரும்புச் சட்டம். உச்சியில் கிணற்று உருளைகள். உருளை கிறீச்சிடக் கூடாது என்பதற்காக, வீணாய்ப்போன தண்ணீர் மோட்டார்களின் பேரிங்கைக் கழற்றி உள்ளே பொருத்தியிருந்தார். கயிறு என்றது கயிறல்ல, மெல்லிய இரும்பு ஒயர். அது மினுங்காமல் இருக்க விளக்குப் புகையையும் வார்னிஷையும் குழைத்துப் பூசியிருந்தார். ஒயரின் ஒரு முனை அங்கிக்குள் இருக்கிற பெல்ட்டில் மாட்டியிருக்கும். மறுமுனையில் ஒரு காலி பேரல் தொங்கும்.

மனுசனை மேலே தூக்குவது தண்ணீர்தான். கோயில் மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓஸ் வழியாக அந்தப் பேரலுக்குள் தண்ணீர் விழும். பேரல் மெல்ல மெல்லக் கனத்து, ஆளின் எடையைத் தாண்டுகிற கணத்தில் கீழே இறங்கத் தொடங்கும். அது இறங்க இறங்க ஆள் ஏறுவார். கரண்டு தேவையில்லை, சத்தமும் இல்லை. வேகம் கூடிவிடாமல் இருக்கப் பேரலில் கட்டிய இன்னொரு வடத்தை ஒரு மரத்தூணில் சுற்றி, விரல் விரலாக விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பார் பிரதர். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மோட்டார் வைத்து இழுத்தால் உறுமல் முன்னால் கேட்கிறதே என்று பல வருசம் யோசித்துக் கண்டுபிடித்தாராம்.

எல்லாம் முடிந்து விளக்கை அணைத்ததும் பேரலின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து விடுவார். பேரல் லேசாகிவிட, என் வீட்டுக்காரர் படுதாவுக்குப் பின்னால் இறங்கி வந்து சேருவார். அந்தத் தண்ணீர் முழுக்க மைதானத்துக்குள் ஓடும். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள் சேறாகிவிட்ட சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். "எவன்டா இவன், கூட்டம் போறதுக்குள்ள தண்ணியத் தொறந்து விட்டது? அறிவில்ல?" மேடையில் சாமியார் நடிகர்களுக்கும் மைக்செட்காரருக்கும் சாப்பாடு போட்டவருக்கும் துண்டு போர்த்திக்கொண்டிருப்பார். பிரதருக்கு வருசாவருசம் கிடைத்தது இந்தத் திட்டுதான். அவர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த முதல் வருசம், திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோயில் வழியாக வந்தேன். வெயிலில் மைதானத்தில் ஒரு குருவி இல்லை. படுதா இன்னும் கட்டவில்லை. சட்டத்தின் உச்சியில், இலவம்பஞ்சு மேகம் வரவேண்டிய இடத்தில், ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கிட்டே ஓடினேன். பிரதர். வடத்தின் நுனியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, தன்னைத் தானே மேலே ஏற்றியிருக்கிறார். என் வீட்டுக்காரரைவிட எடை குறைந்தவர் என்பதால் இடுப்பில் ஒரு சின்ன மணல் மூட்டையைக் கட்டியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நான் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

ஒரு வருசம் கேரளாவிலிருந்து ஒரு நாடகக் கம்பெனிக்காரர் பாஸ்கா பார்க்க வந்திருந்தார். முடிந்ததும் எல்லாரும் மேடைக்கு முன்னால் நின்று என் வீட்டுக்காரரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அந்த ஆள் மட்டும் சேற்றில் தண்ணீர் வந்த வழியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் அவரோடு பிரதர் கடைக்குப் போனவர் எங்கள் வீட்டுக்காரர்தான், பேச்சுத் துணைக்கு.

"சேட்டா, எங்க கூட வரணும்," என்றார் அந்த ஆள் பாதித் தமிழில். "ஊர் ஊராப் போகுது எங்க நாடகம். நல்ல சம்பளம் உண்டு. நாடகம் முடிஞ்ச பிறகு ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் உங்களக் கூப்பிட்டு நிறுத்தி, இவர்தான் செஞ்சதுன்னு மைக்ல சொல்லும்."

அதுவரைக்கும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிரதரின் முகம் மாறியதாம். "ஸ்டேஜ்ல கூப்பிட்டு நிறுத்துவீகளா?"

"பின்னே? கண்டிப்பா."

"நான் வரல."

அந்த ஆள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், எப்படிச் செய்தீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்றார். "நீங்க வேற மாதிரி செய்யுங்க. இது இங்கன இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பைத்தியக்காரன், வந்த சீதேவியைத் துரத்திவிட்டான் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் அந்தக் காற்றடித்த வருசம் வந்தது.

கோடை மழைக்கு முன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காற்று வரும். மலைச் சந்திலிருந்து கிளம்பி வந்தால் வாழைத் தோட்டத்தைப் படுக்க வைத்துவிட்டுத்தான் போகும். அந்த வருசம் சரியாக விண்ணேற்றத்தின்போது வந்தது. என் வீட்டுக்காரரின் கால் தரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நான் முன்வரிசையில் இருந்தேன். அங்கி படபடவென்று அடித்தது. தலைமுடி பறந்தது. கூட்டம் "சேசுவே, சேசுவே" என்று அலறியது. காற்றையும் சேர்த்து எல்லாரும் நாடகம் என்றே நினைத்தார்கள். பரிசுத்த ஆவி இறங்குவதுபோல இருந்தது என்று மறுநாள்கூடச் சொன்னார்கள்.

படுதாவுக்குப் பின்னால் நடந்தது வேறு. மாடித் தொட்டியில் தண்ணீரை மூடவேண்டிய ஆள், ட்யூப்லைட் கம்பம் ஒன்று சாய்வதைப் பார்த்து, கீழே இருந்த பிள்ளைகளை விலக்க ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. பேரல் மேன்மேலும் கனத்தது. தூணில் சுற்றியிருந்த வடம் வழுக்க ஆரம்பித்தது. அது கைவிட்டுப் போனால் பேரல் தரையில் இடிக்கும், என் வீட்டுக்காரர் உச்சியில் இருக்கும் இரும்பு உருளையில் மோதுவார்.

பிரதர் வடத்தை வெறுங்கையால் பிடித்தார். அது உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் சீடர் வேஷத்தில் நின்ற ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். போடவில்லை. படுதாவுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் இருந்தார்கள். பேரல் தரைக்குக் கிட்டே வந்ததும் காலால் எட்டி உதைத்து அடிக்குழாயைத் திறந்துவிட்டார். மேலே மேகத்துக்குள் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முக்கல் முனகல்கூட இல்லடி," என்று பிறகு சொன்னார். "மேல இருந்து பாக்குறேன், வாயைத் தொறக்குறாக, மூடுறாக. சத்தமே வரல."

விளக்கு அணைந்ததும் அவர் அங்கியோடு என்னைத் தேடி ஓடி வந்தார். "பையை எடுத்துட்டு ஓடியா. பிரதரண்ணன் கை போச்சு." நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடும்போது வழக்கம்போல யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்பம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த பிறகு, தினமும் கட்டு மாற்றுவது என் பொறுப்பாயிற்று. கடைக்குப் பின்னால்தான் அவர் இருந்தது, ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வந்தவர்கள் உட்கார நாற்காலி கிடையாது. மோட்டார் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றை நானே ஊட்டிவிட வேண்டியிருந்தது. முதல் நாள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

நாள் போகப் போகப் பேசினார். ஒருநாள், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துக் கேட்டேவிட்டேன். "குருமடத்துல இருந்து ஏண்ணே வந்துட்டீக?"

அவர் கோபப்படவில்லை. "பிரசங்கம் வைக்கப் பழக்குவாக தாயி. கூடப் படிக்கிறவங்க முன்னால நின்னு பேசணும். நான் நல்லாத்தான் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஏறி நின்னேன். எல்லா மூஞ்சியும் என்னயவே பாத்துச்சு. பேச்சு வரல. சரி, அடுத்த வாட்டி வரும்னாக. அடுத்த வாட்டியும் வரல. எத்தனை வாட்டி நிப்பாட்டுவாக? பூசை வைக்கிறவன் ஜனங்களுக்கு முன்னாலதான நிக்கணும்?"

நான் பஞ்சை நனைத்துக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் சேசுநாதரு மேல ஆசையெல்லாம் கொறையல தாயி," என்றார். "யாரும் பாக்காத எடத்துல நின்னு என்ன செய்ய முடியும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

புதுக் கட்டுப் போட்டு முடித்ததும் அவர் கேட்டார். "முன்னால இருந்து பாத்தா எப்பிடி இருக்கு?"

"என்னதுண்ணே?"

"அதான். அவரு மேல போறது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருசத்தில் அவர் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. அது நடக்கிற நேரமெல்லாம் படுதாவுக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றவர். நான் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். கை விரிப்பது, கால் கிளம்புவது, வெளிச்சம். அவர் போதாது என்பதுபோலப் பார்த்தார். "கால் கெளம்புற அந்த எடத்துல குலுக்கல், வெட்டு எதுவும் விழுதா? இல்ல, தானாப் போற மாதிரி இருக்கா? ஜனங்க எப்ப முழங்கால் போடுறாக, பாதியிலயா, மறைஞ்ச பொறகா?" வெளியூரில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், சாப்பிட்டானா, இளைச்சிருந்தானா என்று கேட்கிற மாதிரி தினமும் கேட்டார். நானும் தினமும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நினைவுக்கு வந்தது.

புண் ஆறியது. ஆனால் விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை. செம்புக் கம்பி சுற்ற அந்தக் கை ஆகாது. பழைய ஃபேன்களை வாங்கிப் பார்த்துக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். அடுத்த தவக்காலம் வந்தபோது வடம் பிடிக்க வேறு ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. மண்டியில் தார் ஏற்றுகிற இரண்டு பேர் முன்வந்தார்கள், நல்ல கைப்பலம் உள்ளவர்கள். ஓஸ் வாய்க்கு ஒருவர் தனியாக. பிரதர் அவர்களைப் படாதபாடு படுத்தினார். மணல் மூட்டையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வெயிலில் நிற்க வைத்துத் திட்டினார். அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் கடைசி ஒத்திகையில் அவர்களில் மூத்தவர் என் வீட்டுக்காரரிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வேலை எங்களுக்குப் பிடிபட்டுருச்சுண்ணே. ஆனா அவுக பக்கத்துல நின்னா எங்களுக்குப் பிடி தப்புது. அவுக மூஞ்சியப் பாத்தா ஓடுற கயித்த விட்டுருவோம் போல இருக்கு. அன்னிக்கு மட்டும் அவுகளக் கொஞ்சம் முன்னால போயி இருக்கச் சொல்லுங்க."

இதைப் பிரதரிடம் போய்ச் சொல்லவேண்டியவர் என் வீட்டுக்காரர். திரும்பி வந்தவரிடம், "என்ன சொன்னாக?" என்று கேட்டேன். "உருளைக்கு எண்ணெய் விட்டாச்சான்னு மட்டும் கேட்டாக," என்றார்.

இரண்டாம் சாயங்காலம் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தேய்த்தது. முன்பக்கத்துக்கு எந்த வழியாக வருவது என்று தெரியாதவர்போல வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய்க் கூட்டி வந்து, பெண்கள் வரிசையின் ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பக்கத்திலிருந்த பொம்பளை ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். உயிர்ப்புக் காட்சி முழுக்க அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் தூக்கித் தூக்கிப் படுதாவின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் நடுமேடைக்கு வந்து கைகளை விரித்தார்.

நான் பிரதரைப் பார்த்தேன். மடங்காத விரல்கள் மடியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. தூணில் சுற்றிய வடத்தை இங்கே உட்கார்ந்தபடியே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். உதடு எதையோ எண்ணியது. பின்னால் பேரலில் தண்ணீர் விழுவது அவர் ஒருவருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

கால் தரையை விட்டுக் கிளம்பியது. கொஞ்சமும் வெட்டு இல்லை. ஒரு சாண், ஒரு முழம், சீடர்களின் தலை உயரம். கூட்டம் அடங்கிப்போனது. மடியில் அசைந்துகொண்டிருந்த விரல்கள் எப்போது நின்றன என்று நான் கவனிக்கவில்லை. திரும்பப் பார்க்கும்போது அவை சும்மா கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. சுற்றி இருந்தவர்கள் முழங்கால் போட்டபோது அவரும் போட்டார். அத்தனை பேருக்கு நடுவில் அவரைத் தனியாகப் பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை.

விளக்கு அணைந்து திரும்ப வந்தது. ஜனங்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து கையைக் கொடுத்தேன்.

"பாத்தீகளாண்ணே?"

தலையாட்டினார்.

"ஒயரத் தேடணும்னுதான் தாயி உக்காந்தேன். எங்கன மாட்டியிருக்கு, எப்பிடிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? பாதியில அதத் தேட மறந்து போச்சு." பிறகு என் கையை விட்டுவிட்டு, தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார். "நான் அங்கன இல்ல. இருந்தும் அவரு போயிட்டாரு."

மேடைக்குப் பின்னால் தார் ஏற்றுகிறவர்கள் சந்தோஷத்தில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. போய் அவர்களைப் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். மற்ற வருசங்களில் பேரலையும் ஒயரையும் சுற்றி வைத்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு தனியாகப் போகிறவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டத்தோடு வெளியே போனார். என் வீட்டுக்காரர் வேஷம் கலைக்க நேரமாகும் என்பதால் நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். பிரதர் பத்திரமாகப் போய்ச் சேருகிறாரா என்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

அவருக்கு முன்னால் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள்போல. ஜீப் ஏற மெயின் ரோட்டுக்குப் போனார்கள்.

"கிரேன் வச்சுத் தூக்குறாங்கப்பா," என்றான் பெரிய மகன்.

"கிரேன்னா சத்தம் கேக்காதாடா?" என்றார் அப்பா. "காந்தமா இருக்கும்."

"போங்கடா, கிரேனாம், காந்தமாம்," என்றாள் அம்மா. "கண்ணு முன்னாலதான பாத்தேன். ஒண்ணுமே இல்ல. சும்மாதான் போனாரு."

பிரதர் அவர்களைத் தாண்டிப் போகவில்லை, பின்தங்கவும் இல்லை. அந்தப் பேச்சு காதில் விழுகிற தூரத்தை விட்டுவிடாமல் நடந்தார். அவருடைய கடை வந்தது. பூட்டிய ஷட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் அவர்களுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.